போட்டியாளர் பெயரைச் சொன்னால் குற்றமா?

'விளம்பரத்தில் போட்டிக் கம்பெனியின் பெயரைச் சொல்வது இந்தியாவில் சட்டவிரோதம்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. நேர்மையாக ஒப்பிடலாம், மட்டம் தட்டத்தான் கூடாது.

2010 பிப்ரவரியில் வந்த ரின் விளம்பரம் நினைவிருக்கிறதா? பஸ் ஸ்டாப்பில் இரண்டு அம்மாக்கள். ஒருவர் கூடையில் ரின், இன்னொருவர் கூடையில் டைட் நேச்சுரல்ஸ், பாக்கெட்டை மறைக்காமலே. ரின் வீட்டுப் பையனின் சட்டைதான் பளிச். டைட் தரப்பு வழக்குப் போட, கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த விளம்பரத்துக்குத் தடை விதித்தது. பெயரைச் சொன்னதற்காக அல்ல, இழிவுபடுத்தியதற்காக.

இவ்வளவு மல்லுக்கட்டு ஏன்? சலவைத்தூள் வாங்காத வீடே அபூர்வம். புது வாடிக்கையாளர் வேண்டுமென்றால் எதிராளியிடமிருந்துதான் இழுக்க வேண்டும். சட்டையின் வெண்மை பற்றி அப்போது யாருக்குக் கவலை!