தந்தமுள்ள யானைகளும் மிதிவெடிப் பலகைகளும்

வன்னியில் எந்தப் பாடசாலையின் சித்திரக் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு யானை நிற்கும். அதற்கு இரண்டு பெரிய தந்தங்கள் இருக்கும். இலங்கையின் ஆண் யானைகளில் நூற்றுக்கு ஏழளவுக்குத்தான் தந்தம் உண்டு. பெண் யானைகளுக்கு இல்லவே இல்லை. தகப்பனின் வயலில் இரவில் இறங்கும் யானைக்குத் தந்தம் இல்லை என்பது வரைந்த பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் தூரிகையைக் கையில் எடுத்தவுடன் எங்கோ அச்சிட்ட படத்து யானைதான் வருகிறது. நாங்களும் அதற்கே பரிசைக் கொடுத்து, அடியில் "வனவிலங்குகளைப் பாதுகாப்போம்" என்று எழுதச் சொல்கிறோம்.

பிள்ளைகளிடம் குறை இல்லை. பெரியவர்களும் இதையேதான் செய்கிறோம். 2019 இன் கடைசியில் நாடு முழுவதும் இளைஞர்கள் சுவர்களுக்கு வண்ணம் பூசினார்கள். அந்த அலை வடக்குக்கும் வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுருக்குக் கம்பியோடு காட்டுக்குள் போகிறவன் நகரத்துச் சுவருக்கு முன்னால் நின்று மனம் மாறுவான் என்று நம்ப எனக்கு இன்னும் கொஞ்சம் வெகுளித்தனம் வேண்டும்.

படம் உயிரைக் காக்கும் என்பதற்கு நாங்கள் வெளியிலிருந்து சான்று கொண்டுவரத் தேவையில்லை. 2009 க்குப் பிறகு ஊர் திரும்பியவர்களுக்கு மிதிவெடி விழிப்புணர்வு எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சிவப்புப் பலகையில் வெள்ளை மண்டையோடு. வெடிபொருட்களின் நிறம், வடிவம், பருமன் எல்லாம் பிசகாமல் வரைந்த பதாகைகள். மரத்தடியில் வீதி நாடகம். தொடாதே, கிட்டப் போகாதே, பெரியவர்களிடம் சொல் என்பதை எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் சொல்லியது. அந்தப் படங்களை யாரும் அழகு என்று மெச்சவில்லை. அவை சரியாக இருந்தன, ஆபத்து இருந்த இடத்திலேயே நின்றன, என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லின. காட்டு விலங்குகளுக்காக வரையும்போது மட்டும் ஏன் இந்த மூன்றையும் மறந்துவிட்டுச் சூரிய அஸ்தமனத்தைத் தேடிப் போகிறோம்?

கரடியை எடுத்துக்கொள்வோம். அதை யாரும் வரைவதில்லை, அழகில்லாத விலங்கு. இலங்கையில் இருக்கும் ஒரே கரடி இனம். நாடு முழுவதற்கும் ஆயிரத்துக்குக் குறைவாகவே இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. எங்கள் உலர்காடுதான் அதன் வீடு. பாலை பழுக்கும் காலத்தில் மனிதரும் கரடியும் ஒரே மரத்தடிக்குப் போகிறார்கள். கரடிக்குப் பார்வை மட்டம். புற்றில் கறையான் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது ஆள் வருவது அதற்குத் தெரியாது. திடீரென்று கண்டுவிட்டால் ஓடுவதற்குப் பதிலாகப் பாய்கிறது, அதுவும் முகத்தில். ஆகவே தனியாகப் போகாதீர்கள், பேசிக்கொண்டு போங்கள், முதுகில் குட்டியைச் சுமந்த தாயைக் கண்டால் மெல்லப் பின்வாங்குங்கள். இதை நான்கு படங்களில் சொல்லிவிடலாம். குட்டி சுமக்கும் கரடியைவிட ஓவியனுக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் பலகை மனிதரின் முகத்தையும் காக்கும், பயத்தில் கரடிக்கு வைக்கும் வெடியையும் குறைக்கும்.

மீன்பிடிப் பூனையின் கதை வேறு. குளக்கரையிலும் வாய்க்காலிலும் திரிகிற பிராணி. அதைச் சிறுத்தைக் குட்டி என்று நினைத்து அடிக்கிறார்கள். சிறுத்தையின் உடலில் வளைய வளையமான புள்ளிகள், நீண்ட வால். மீன்பிடிப் பூனைக்கு நடுவில் வெற்றிடமில்லாத திட்டுப் புள்ளிகள், வால் குட்டை. பக்கம் பக்கமாக வைத்து வரைந்தால் ஒரு நொடியில் விளங்கிவிடும். நிழற்படத்தில் புல்லும் நிழலும் பாதியை மறைத்துவிடும் வித்தியாசத்தை ஓவியன் பிரித்துக் காட்டலாம். (வன்னிச் சுவரில் சிறுத்தை வரைவதற்குத் தனியாகக் கொஞ்சம் துணிவும் வேண்டும். யார் வரையச் சொன்னது என்று விசாரிக்க ஆள் வரலாம்.)

2018 ஆனியில் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஊருக்குள் வந்து பலரைக் காயப்படுத்திய சிறுத்தையை அடித்துக் கொன்று, அதைக் காணொளியாகவும் எடுத்தார்கள். நாடே வன்னி மக்களைக் கொடியவர்கள் என்று திட்டியது. அந்தத் திட்டில் எனக்கு உடன்பாடில்லை, கொன்றதிலும் உடன்பாடில்லை. சூழ்ந்துகொள்ளாமல் அது வெளியேற வழி விட வேண்டும் என்பதை அதற்கு முன் யார் அந்த ஊருக்கு வரைந்து காட்டினார்கள்?

இதைப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே "காட்டைக் காப்போம்" என்ற பலகையைப் பார்த்தால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது வனத் திணைக்களத்தின் எல்லைக் கல். போருக்கு முன் பயிர் செய்த காணிக்குத் திரும்பி வந்தபோது அது காடு என்று சொல்லப்பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் கோபத்துக்கு இடம் தராத ஓவியம் திணைக்கள அறிவித்தலுக்கு நிறம் பூசியதாகவே முடியும். யானையை வரைந்தால் காவற்பரணையும் வரையுங்கள். மிதிபட்ட காலபோக நெல்லையும், விடியும்வரை யானைவெடி போட்டுக் கண் சிவந்த மனிதனையும் அதே சுவரில் வையுங்கள். 2023 இல் மட்டும் இந்த நாட்டில் 450 க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன, யானைகளால் 150 க்கு மேற்பட்ட மனிதர்கள் இறந்தார்கள். பன்றிக்கென்று வைத்த வெடியைக் கடித்து வாய் சிதைந்த யானைக்கன்று பல நாள் பட்டினி கிடந்துதான் சாகிறது. அதை வரையத் தயங்காதீர்கள், ஆனால் பக்கத்து வீட்டுத் துக்கத்தை விட்டுவிட்டு வரையாதீர்கள்.

கூத்தை மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். யானையை அடக்கிக் கட்டிய அரியாத்தையின் கதையை ஆடிய மண் இது. வன்னித் தலைவர்கள் அந்நியருக்குத் திறையே யானையாகக் கட்டினார்கள். பிடிக்கும் கதையை ஆடத் தெரிந்த அண்ணாவிமாருக்கு, பாதை மறிக்கப்பட்ட யானையின் கதையை ஆடத் தெரியாதா? விதைப்புக்கு முன் ஊர் கூடும் இடத்தில், கேட்டுப் பழகிய மெட்டிலேயே ஆடினால் கடைசி வரிசை வரை உட்கார்ந்திருக்கும்.

நகரத்துச் சுவர்களை விடுங்கள். கமநல சேவை நிலையம், கூட்டுறவுக் கடை, காட்டுக்குத் திரும்பும் முடக்கில் உள்ள பஸ் தரிப்பிடம், குளக்கட்டு, இவைதான் சுவர்கள். கரடிப் பலகை பாலை பழுக்க முன் நிற்க வேண்டும். யானைப் பலகை காலபோக விதைப்புக்கு முன். ஊரில் கடைப் பெயர்ப்பலகை எழுதுகிறவர்களைக் கூப்பிடுங்கள். தேனெடுக்கப் போகிற ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, கால் தடம் சரியா, மரம் சரியா என்று கேட்டு வரையச் சொல்லுங்கள். தயவுசெய்து கூலியும் கொடுங்கள். "சமூக சேவைதானே தம்பி" என்று இழுக்க வேண்டாம், பெயிண்ட் விற்கிற விலை உங்களுக்கும் தெரியும்.