ஜூன் 5-க்கு மரக்கன்று வேண்டாம், கையுறை வாங்குங்கள்

கோபப்படுகிறவர்கள் படட்டும். நீலகிரியின் கூடலூர், பந்தலூர், எருமாடு, சேரம்பாடி வட்டாரத்தில் சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்று நடுவது பெரும்பாலும் போட்டோவுக்கு நடப்பது. தேவாலாவில் பெய்கிற மழைக்கு, சும்மா விட்ட நிலத்தில் மரம் தானாகவே வரும். வரவேண்டியதை வரவிடாமல் அமுக்கிக்கொண்டிருப்பது இரண்டு அந்நியத் தாவரங்கள்: மஞ்சள் கொன்னையும் (சென்னா ஸ்பெக்டாபிலிஸ்) உண்ணிச்செடியும் (லாண்டானா). இங்கே இயற்கைக்கு உதவ நினைப்பவர் முதலில் பிடுங்கக் கற்றுக்கொள்ள வேண்டும், நடுவது அதற்கு அப்புறம்.

இயற்கையோடு இருந்தால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பது இப்போது ரிசார்ட்டுகளின் வியாபாரம். ஜப்பான் வனத்துறை 1982-இல் மக்களைக் காட்டுப்பக்கம் நடக்க வைக்க ஆரம்பித்த ‘வனக் குளியல்’, இங்கே பேக்கேஜ் விலையில் கிடைக்கிறது. விஷயம் பொய்யில்லை. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20 ஆயிரம் பேரின் தகவலை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது பசுமையான இடங்களில் கழிப்பவர்கள், அப்படிப் போகாதவர்களைவிட ஆரோக்கியமாகவும் நிறைவாகவும் இருப்பதாகச் சொல்வது அதிகம் என்று தெரிந்தது. அதனால்தான் இது என்று அந்த ஆய்வு அடித்துச் சொல்லவில்லை. நல்லா இருக்கிறவர்கள்தான் வெளியே போகிறார்களோ என்னவோ. ஆனாலும் வாரம் இரண்டு மணி நேரம் நல்ல அளவு. அதைக் கையைக் கட்டிக்கொண்டு நடந்து தீர்க்காமல் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்தால் தோள் வலிக்கும், பசிக்கும், ராத்திரி தூக்கம் வரும். நாலு பேர் சேர்ந்து செய்தால் பேச்சுத் துணையும் ஆச்சு.

முதலில் மஞ்சள் கொன்னை. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்கும் நிழலுக்குமாக வந்த மரம். கேரளத்தின் முத்தங்கா, தமிழ்நாட்டின் முதுமலை, கர்நாடகத்தின் பந்திப்பூர் மூன்றும் ஒரே காடு, எல்லைக்கோடு நமக்குத்தான். விதை ஓடைத் தண்ணீரோடும், ரோட்டு வேலைக்கு அள்ளிப் போகிற மண்ணோடும் போய்க்கொண்டே இருக்கும். இதை நம் சரக்கொன்றை என்று நினைத்து விட்டுவைப்பவர்களும், சரக்கொன்றையை இது என்று வெட்டுபவர்களும் உண்டு. பார்த்தவுடன் பிரித்துவிடலாம். சரக்கொன்றைப் பூ சரமாகக் கீழே தொங்கும், விஷு சமயத்தில் பூக்கும், இலைக்காம்பில் பெரிய சிற்றிலைகள் நாலைந்து ஜோடிதான் இருக்கும். மஞ்சள் கொன்னையின் பூங்கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிற்கும், மழைக்காலம் ஓய்கிற நேரத்தில் பூக்கும், சிற்றிலைகள் சின்னதாக எட்டு ஜோடிக்கு மேல் இருக்கும்.

எல்லோரும் செய்கிற தப்பு, மெஷின் வைத்து அடியோடு அறுப்பது. அறுத்த கட்டையில் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வேரில் சேர்ந்த சாப்பாடு அப்படியே இருப்பதால் வருகிற வினை இது. வேரைப் பட்டினி போடவேண்டும். இலையில் தயாராகும் சாப்பாடு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது, ஆகவே பட்டையை எடுத்துவிட்டால் மேலே பச்சையாக இருக்கும்போதே கீழே வேர் காய ஆரம்பிக்கும். கேரள வன ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைப்பதும் இதுதான்: பெரிய மரத்தில் தரையிலிருந்து 1.3 மீட்டர், அதாவது நெஞ்சு உயரம் வரை, சுற்றிலும் பட்டையை உரிக்கவேண்டும்.

உரிப்பதில்தான் வேலை கெடுகிறது. வெளிப்பட்டை போனால் போதாது. அடியில் வழவழப்பாக ஒரு படலம் இருக்கும், அதைக் கத்தியின் முதுகால் வெள்ளைக் கட்டை தெரிகிறவரை சுரண்டி எடுக்கவேண்டும். இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பக்கம் விட்டுப்போனாலும் மரம் அதன் வழியே பிழைத்துக்கொள்ளும். அடிமரத்தைச் சுற்றி மண்ணைத் தள்ளிவிட்டு வேர்க்கழுத்து வரை, அதாவது தண்டும் வேரும் சேருமிடம் வரை உரியுங்கள், துளிர் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். பிறகு மாதம் ஒருமுறை போய் வந்த துளிரையெல்லாம் கிள்ளவேண்டும். மரம் முழுக்கக் காய 18 மாதமாவது ஆகும். மூன்றாவது மாதமே ‘ஒன்றும் ஆகலையே’ என்று விட்டுவிட்டால் செய்தது அத்தனையும் வீண்.

வீட்டோரம், ரோட்டோரம், கரண்ட் கம்பி பக்கத்தில் நிற்கும் மரத்தில் பட்டை உரிக்கும் வேலையே வேண்டாம். காய்ந்த மரம் ஒருநாள் விழும். அங்கே ஆள் வைத்து முறையாக இறக்கி, கட்டையை வேரோடு தோண்டி எடுக்கவேண்டும். முழங்கால் உயரக் கன்றை மழை விட்ட மறுநாள் கையாலேயே பிடுங்கலாம். கட்டைவிரல் தடிமன் வந்துவிட்டால் நெம்புகோல் வைத்த களை பிடுங்கியோ கடப்பாரையோ வேண்டும். எதுவானாலும் காய் கறுத்து வெடிக்கும் முன் செய்யுங்கள். காயோடு இருக்கும் கிளையை ரோடு வரை இழுத்துப் போனால் வழியெல்லாம் விதைத்த கணக்கு.

உண்ணிச்செடி பழைய பாவி. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டச் செடியாக இந்தியாவுக்கு வந்து, இன்று புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல் பரவிக் கிடக்கிறது. மேலே வெட்டினால் திரும்ப அடர்த்தியாக வரும். தீ வைத்தால் மற்ற செடிகள் செத்து, இதற்கு இடம் கிடைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு குழுவினர் உருவாக்கிய முறை எளிமையானது. தண்டும் வேரும் சேருமிடத்துக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில், ஆணிவேரை மண்வெட்டியால் ஒரே வெட்டாக வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது. வேர் மண்ணைத் தொடக்கூடாது, தொட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். முள் கையைக் கிழிக்கும், தோல் கையுறை கட்டாயம். பழத்தைச் சின்னான் குருவிகள் தின்று எச்சம் போடுவதால், முதல் மழைக்குப் பிறகு மரத்தடியிலும் கம்பி வேலிக்கு அடியிலும் போய்ப் பாருங்கள், புதுக் கன்றுகள் அங்கேதான் வரிசை கட்டும். இரண்டு மூன்று வருஷம் இந்தத் தேடல் உண்டு.

ஒரே நாளில் ஒரு ஏக்கரைத் துடைத்துவிடும் வீரம் வேண்டாம். பத்து சென்ட் எடுங்கள். சரிவான நிலத்தில் நீளக் கீற்றுகளாக, இடையில் ஒரு கீற்று விட்டுச் செய்யுங்கள். வெட்டிய புதரைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கினால் ஜூன் மழையில் மண் ஓடாது. வெறுந்தரையாக விட்டால் பார்த்தீனியமோ, நம்ம ஊர் மலையாளிகள் கம்யூனிஸ்ட் பச்சை என்கிற செடியோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் பக்கத்திலேயே முற்றி நிற்கும் உள்ளூர்ப் புல்லைக் கதிரோடு அறுத்துக் காலி இடத்தில் பரப்பிவிடுங்கள். முதல் மழைக்காலம் முடியும்வரை மாடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகும் மரம் வைத்தே ஆகவேண்டும் என்பவர்களுக்கு நெல்லி, வேங்கை, மருது இருக்கிறது.

வெளிநாட்டுச் செடி எல்லாமே எதிரி என்று கிளம்பிவிட வேண்டாம். அப்படிப் பார்த்தால் காபி, சில்வர் ஓக், மிளகாய் எல்லாம் போகவேண்டும், சோறு இறங்காது. சொல்லாமல் பரவுவதுதான் பிரச்சினை.

இதில் மனுஷனுக்கு என்ன லாபம்? உண்ணிச்செடி மண்டிய இடத்தில் புல் இருக்காது, ஆடுமாடு அதைத் தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் தோட்டத் தொழிலாளிகளும் நடக்கிற பாதையோரத்தில் ஆள் உயரப் புதர் இருந்தால், பத்தடி தள்ளி யானை நிற்பதுகூடத் தெரியாது. பாதையின் இருபுறமும் பார்வைக்குத் தெளிவாக இருப்பது எந்த வனக் குளியலையும்விடப் பெரிய மன நிம்மதி. யானை ஊருக்குள் வருவதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் காட்டில் புல் குறைவதை லேசாக எடுக்கவும் முடியாது.

வெட்டியது காசாகவும் ஆகும். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டை வேகவைத்துப் பட்டை நீக்கி, வளைத்துச் செய்த நிஜ அளவு யானை உருவங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. செய்தது கூடலூர்ப் பக்கத்தில். மஞ்சள் கொன்னைக் கட்டையைக் காகிதக் கூழுக்கு எடுக்க அரசே தமிழ்நாடு காகித நிறுவனத்தை அனுமதித்திருக்கிறது. மரம் போனதும் வேர்க்கட்டையை யார் கவனிப்பது என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

சட்டம் தெரியாமல் இறங்காதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது. நீலகிரியில் 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பட்டா நிலத்து மரமானாலும் வெட்டவோ பட்டை உரிக்கவோ போகும் முன் ரேஞ்ச் ஆபீசில் கேட்டுவிடுங்கள். அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-இல் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது, ஆகவே கேட்கத் தயங்கவேண்டியதில்லை. டிசம்பர் முதல் மே வரை வேலை செய்தால் முழுக்கை சட்டை போட்டு, பேன்ட்டை சாக்ஸுக்குள் செருகி, வீட்டுக்கு வந்ததும் உடம்பில் உண்ணிப் பூச்சி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். வயநாட்டில் 2015-இல் குரங்குக் காய்ச்சல் (கியாசனூர் காட்டு நோய்) பரவியது இந்தப் பூச்சிக் கடியால்தான். கடித்த பிறகு காய்ச்சல் வந்தால் காட்டுப்பக்கம் போனதை டாக்டரிடம் சொல்லவேண்டும்.

உங்கள் தோட்டத்தில் நிற்பது மஞ்சள் கொன்னையா என்று சந்தேகம் இருந்தால் கீழே படம் போடுங்கள். இலை, பூங்கொத்து, காய் மூன்றும் தெரியவேண்டும். தூரத்திலிருந்து எடுத்த மஞ்சள் மரப் படத்தை வைத்து யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.