மேட்டூர்த் தண்ணீரும் சுமத்திரா அலையும்

மார்கழிப் பௌர்ணமி நெருங்கினால் எங்கள் பகுதிக் கைப்பேசிகளுக்கு ஒரு செய்தி தவறாமல் வந்துவிடுகிறது. இன்ன தேதியில் வங்கக் கடலுக்கடியில் பெரும் நிலநடுக்கம் ஏற்படும், அதனால் நாகை முதல் கோடியக்கரை வரை சுனாமி வரும், இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்பது அதன் சாரம். இந்த முறை அதை என்னிடம் காட்டியவர் தேநீர்க் கடைக்காரர். "சார், இது நெசமா?" என்று கேட்டபோது அவர் குரலில் விளையாட்டு இல்லை, ஏனென்றால் 2004இல் அவர் வீட்டில் இருவரைக் கடல் கொண்டுபோயிருக்கிறது. முப்பது ஆண்டுகள் புவியியல் நடத்தியவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்தச் செய்தி பயமுறுத்துகிறது என்பதல்ல என் புகார். நிலநடுக்கத்தையும் சுனாமியையும் ஒரே முடிச்சில் கட்டி, இரண்டுக்கும் தேதி குறிக்க முடியும் என்று அது நம்ப வைக்கிறது. உண்மையில் நிலநடுக்கத்துக்கு இன்றைக்கு உலகில் எவராலும் நாள் குறிக்க முடியாது. ஆனால், நிலநடுக்கம் நிகழ்ந்த பிறகு, அது எழுப்பிய அலை எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை நிமிடக் கணக்கில் சொல்லிவிட முடியும்.

டெல்டாக்காரர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. அடுத்த ஆண்டு குடகில் எந்தத் தேதியில் மழை கொட்டும் என்று கேட்டால் சிரிப்போம். ஆனால் மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நாளில் கல்லணைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு நாற்றங்காலைத் தயார் செய்வோம். திறந்துவிட்ட தண்ணீருக்குத்தான் நேரம் சொல்ல முடியும்.

நிலநடுக்கத்துக்கு ஏன் நாள் குறிக்க முடியவில்லை என்பதற்குப் பூமியின் மேலோடு எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது ஒரே ஓடு அல்ல, பல பெரிய தட்டுகளாகப் பிரிந்து, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் ஒன்றையொன்று நெருக்கியும் விலகியும் உரசியும் நகர்ந்துகொண்டிருக்கிறது. நாகப்பட்டினத்தில் நிலம் முடிகிறதே தவிரத் தட்டு முடியவில்லை. நாம் நிற்கும் இந்தியத் தட்டு வங்கக் கடலின் அடித்தரையாக நீண்டு, அந்தமான், நிக்கோபார், சுமத்திராவுக்கு மேற்கே உள்ள ஆழ்கடல் அகழியில் பர்மாத் தட்டு எனப்படும் சிறு தட்டுக்கு அடியில் நுழைகிறது. வழுக்கிக்கொண்டு நுழைந்தால் தொல்லை இல்லை. பாறையும் பாறையும் பற்றிக்கொள்வதால், கீழே போகும் தட்டு மேலே உள்ளதன் விளிம்பையும் சேர்த்து இழுத்து வளைக்கிறது. பந்தலுக்கு மூங்கில் பிளாச்சை வளைத்துப் பிடித்திருப்பவர் கைக்கு அதன் விறைப்பு தெரியும். எந்தக் கணத்தில் பிடி நழுவும் என்பது தெரியாது. கடலுக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் அந்தப் பிடி எவ்வளவு தாங்கும் என்பதை அளக்கும் கருவி எதுவும் இல்லை. எந்தப் பகுதியில் விறைப்பு சேர்ந்திருக்கிறது என்று சொல்லலாம், நாளைச் சொல்ல இயலாது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, நம் நேரப்படி காலை 6.28க்குச் சுமத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் அந்தப் பிடி நழுவியது. நழுவல் ஒரே இடத்தில் நிற்காமல், சேலை கிழிவதுபோல் வடக்கே அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு, எட்டு முதல் பத்து நிமிடங்களில் பரவியது. வளைந்திருந்த விளிம்பு நிமிர்ந்தபோது அகழியை ஒட்டிய கடல்தரை சில மீட்டர் உயர்ந்தது. அதற்குப் பின்புறம் இருந்த நிலம் தாழ்ந்தது. பெரிய நிக்கோபார்த் தீவின் தென்முனையான இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் இறங்கி, அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போனது. அதே நிகழ்வில் வடக்கு செண்டினல் தீவைச் சுற்றியிருந்த பவளத்திட்டுகள் நீருக்கு மேலே வந்து வெயிலில் கிடந்தன.

தரை உயர்ந்தால் அதன்மேல் நிற்கும் தண்ணீரும் அடி முதல் நுனி வரை உயரத்தான் வேண்டும். காற்றில் எழும் அலையில் மேல்நீர் மட்டுமே அசைகிறது. சுனாமியில் கடலின் முழு ஆழமும் அசைகிறது. இதன் வேகத்தை ஆழமே தீர்மானிப்பதால், நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டரைத் தாண்டுகிறது. அன்று வங்கக் கடலுக்கு மேலே சென்ற ஒரு செயற்கைக்கோள் அளந்தபோது நடுக்கடலில் அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான். ஆழ்கடலில் இருந்த படகுகளுக்கு எதுவும் தெரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். கரையோரம் ஆழம் குறையக் குறைய முன்வரிசை தயங்கும், பின்வரிசை வந்து முட்டும், தண்ணீர் மேலே ஏறும். ஏறத்தாழ ஒன்பது மணிக்கு நாகையில் ஏறியது. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

நிலநடுக்கத்தின் அதிர்வு பாறை வழியாகச் சில நிமிடங்களில் வந்து சேர்ந்துவிட்டது. சென்னையில் பலர் அதை உணர்ந்தார்கள். அலைக்கோ இரண்டரை மணி நேரம் பிடித்தது. அந்த இடைவெளி முழுக்க நம் கையில் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் சிறு சுனாமியை வங்கக் கடல் துறைமுகங்களில் கடல்மட்டத்தை அளக்கும் அலைமானிகள் பதிவு செய்திருக்கின்றன, நம் கடலிலும் சுனாமி வரும் என்பதற்கு அப்போதே சான்று இருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடல் உள்வாங்கினால் ஓடு என்று பிள்ளைகளுக்கு நாமே கற்றுக்கொடுத்திருக்கிறோம். அது பாதி உண்மைதான். 2004இல் தரை தாழ்ந்த பக்கத்தைப் பார்த்திருந்த தாய்லாந்தில் முதலில் கடல் உள்வாங்கியது; தரை உயர்ந்த பக்கத்தைப் பார்த்திருந்த நமக்கும் இலங்கைக்கும் முதலில் வந்தது மேடான அலை. அடுத்தடுத்த அலைகளுக்கு இடையில் கடல் உள்வாங்கியதைப் பார்த்தவர்கள் இங்கும் உண்டு, ஆனால் அதற்குள் முதல் அலை வந்து போயிருந்தது. கடல் உள்வாங்கக் காத்திருப்பது நம் கரைக்கு உதவாது.

2007இல் ஐதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது. நிலநடுக்கமானிகளும், ஆழ்கடல் தரையில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளும், கரையோர அலைமானிகளும் அதற்குத் தகவல் தருகின்றன. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது இங்கே எச்சரிக்கை வந்தது; மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே ஓடினார்கள்; பெரிய அலை வரவில்லை. "சும்மா கெளப்பிவிட்டானுவ" என்ற பேச்சு பல நாள் ஓயவில்லை. அந்தப் பேச்சோடு எனக்கு உடன்பாடில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசி நகர்ந்தனவே தவிர, தரை பெரிதாக உயரவில்லை, அதனால் தண்ணீரும் எழவில்லை. முதல் சில நிமிடங்களில் அதிர்வின் இடமும் வலிமையும் தெரியும்; கடல் எழுந்ததா என்பதைக் கடலில் உள்ள கருவி சொன்ன பிறகுதான் உறுதி செய்ய முடியும். உறுதியானதும் அன்று மாலையே எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். கொள்ளிடக் கரையில் வெள்ள எச்சரிக்கை வந்து தண்ணீர் கரைக்குள்ளேயே போய்விட்டால், தண்டோரா போட்டவரை நாம் திட்டுவதில்லையே.

பௌர்ணமியன்றுதான் சுனாமி வரும் என்ற கதையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2004இல் அன்று பௌர்ணமிதான்; ஆனால் 2011 மார்ச் 11 ஜப்பான் சுனாமி பௌர்ணமிக்கு எட்டு நாள் முன்பே வந்தது. எண்ணெய்க் கிணறுகளால்தான் சுனாமி வந்தது என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் பந்தலில் உட்கார்ந்தவன் நான், நம் நிலத்தடி நீருக்காக இன்னும் உட்காருவேன். அதற்காக, கடல் தாண்டி 1,300 கிலோமீட்டருக்குப் பாறை கிழிந்ததை நம் ஊர்க் கிணற்றின் கணக்கில் எழுத மாட்டேன்.

கடைக்காரரிடம், "தம்பி, செய்தியில் நிலநடுக்கம் வரப்போகிறது என்று இருக்கிறதா, வந்துவிட்டது என்று இருக்கிறதா என்று பாருங்கள். வரப்போகிறது என்றால் அழித்துவிடுங்கள். வந்துவிட்டது என்று ஐதராபாத் மையமோ மாவட்ட நிர்வாகமோ சொன்னால் பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்" என்றேன். அவர் செய்தியை மறுபடி படித்தார். பிறகு, "சுமத்ராவுலேர்ந்து இங்க வர ரெண்டரை மணி நேரமா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"நம்ம கடைமடைக்கு மேட்டூர்த் தண்ணி வர பத்து நாள் ஆவுது" என்று சொல்லிவிட்டு, கொதித்த பாலை இறக்கப் போனார்.