பஸ் நிற்கும் நேரம் மட்டும்தானே கேட்டோம்

டெக்சாஸில் எங்கள் ஊரான ஆஸ்டினில் ஓடும் வேமோ நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத கார்கள், நிற்கும் பள்ளி பஸ்ஸைத் தாண்டிப் போவதைப் பற்றி இனி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ராத்திரி ஒரு தம்பி என் முந்தைய பதிவின் கீழே வந்து, "அக்கா, அதான் அப்டேட் போட்டுட்டாங்களே, யாருக்கும் அடியும் படல. இன்னும் எதுக்கு இந்தப் புலம்பல்?" என்று எழுதியிருந்தார். அதற்கு 34 பேர் சிரித்திருக்கிறார்கள். பெயர்களைப் பார்த்தேன். நான்கைந்து பேர் என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். அவர்கள் பிள்ளைகளும் இதே ஆஸ்டினில் மஞ்சள் பஸ்ஸில்தான் பள்ளிக்குப் போகிறார்கள். அதனால் மறுபடியும் எழுதுகிறேன்.

எந்த வீடியோ என்று விளக்கப் போவதில்லை, எல்லோரும் பார்த்துவிட்டோம். பஸ் நிற்கிறது, சிவப்பு விளக்குகள் மின்னுகின்றன, மற்ற வண்டிகள் நிற்க வேண்டும் என்று பக்கவாட்டில் ஸ்டாப் பலகை நீண்டிருக்கிறது. ஆளில்லாத வெள்ளைக் கார் ஒன்று அதைத் தாண்டிப் போகிறது.

சரி, அந்த அப்டேட் கதைக்கே வருவோம். 2025 செப்டம்பரில் அட்லாண்டாவில், பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸை வேமோ கார் ஒன்று சுற்றிக்கொண்டு போனது. அக்டோபரில் மத்திய அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. நவம்பரில், மென்பொருளைச் சரிசெய்துவிட்டோம் என்று நம் ஊர் அரசுப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கு நிறுவனம் சொன்னது. சொன்ன பிறகும் அதே மாதத்தில் கார்கள் பஸ்ஸைத் தாண்டின. கல்வியாண்டு தொடங்கியதிலிருந்து 19 முறை என்று மாவட்டம் கடிதமே எழுதியது. அதில் ஒரு முறை, பிள்ளை காருக்கு முன்னால் கடந்துபோய் இன்னும் சாலையிலேயே இருக்கும்போது கார் கிளம்பிவிட்டது. டிசம்பரில் 3,067 கார்களுக்கு ரீகால், அதாவது கோளாறைச் சரிசெய்யத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு. ரீகால் என்றதும் கார்களை ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள், மென்பொருள் மாற்றத்துக்குத்தான் அந்தப் பெயர். ஜனவரியில் மறுபடியும் அதே கதை. விமான விபத்துகளை ஆராயும் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமே இதைக் கையில் எடுக்கும் நிலை வந்தது.

தம்பி, நீங்கள் எந்த அப்டேட்டைச் சொல்கிறீர்கள்? நவம்பரில் சரிசெய்துவிட்டோம் என்றதையா, டிசம்பரில் ரீகால் என்றதையா?

எனக்குப் பொறுக்காதது காரின் தவறுகூட இல்லை. புது இயந்திரம், தவறு வரும், புரிகிறது. மாவட்டம் என்ன கேட்டது? பிள்ளைகள் பஸ்ஸில் ஏறி இறங்கும் காலை நேரமும் மாலை நேரமும் மட்டும், கோளாறு சரியாகும்வரை, ஓட்டாதீர்கள் என்றது. நிரந்தரமாக நிறுத்து என்று சொல்லவில்லை. ஊரை விட்டுப் போ என்று சொல்லவில்லை. மிச்ச நேரமெல்லாம் ஓட்டிக்கொள்ளுங்கள், இந்த இரண்டு வேளை மட்டும் வேண்டாம் என்றது. முடியாது என்று பதில் வந்தது. இதைத்தான் நான் நான்காவது முறையாக எழுதுகிறேன், இதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை. இரண்டு வேளை நிறுத்தினால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஆஸ்டின் நகராட்சியாவது கட்டாயப்படுத்தலாமே என்றால், அதுவும் முடியாது. 2017-இல் டெக்சாஸ் போட்ட சட்டப்படி இந்தக் கார்களுக்கு எந்த ஊரும் தனியாக விதி போடக் கூடாது. ஆகவே கேட்கத்தான் முடியும். கேட்டோம்.

நான் மனிதர்களைத் தெய்வமாக்குகிறேன் என்று ஒருவர் சொன்னார். இல்லை. நானே இதே தவறைச் செய்தவள். 2014, லைசென்ஸ் வாங்கி இரண்டு மாதம். எதிர்ப்பக்கத்தில் ஒரு பள்ளி பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் வருபவர்கள்தான் நிற்க வேண்டும் என்று நினைத்துத் தாண்டிவிட்டேன். நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். புத்தகத்தில் படித்திருந்தேன், அந்த நொடியில் தோன்றவில்லை. பஸ் ஓட்டிய அம்மா ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அந்த முகம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த திருப்பத்தில் போலீஸ்காரர் நிறுத்தினார். டெக்சாஸில் இதற்கு 500 டாலரிலிருந்து 1,250 டாலர் வரை அபராதம். நீதிமன்றத்தில் நின்று என் வாயால் தவறு என்று சொல்லிக் கட்டினேன். பணம் மறந்துபோயிற்று. அந்த ஹாரன் மறக்கவில்லை. மஞ்சள் விளக்கு மின்ன ஆரம்பித்தாலே என் கால் தானாக பிரேக்குக்குப் போய்விடும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. நம் பள்ளி மாவட்டத்துக் காவல்துறை அதிகாரியே சொன்னார்: இப்படி ஒரு முறை அபராதம் வாங்கியவர்களில் 98 சதவீதம் பேர் மறுமுறை வாங்குவதில்லை, மனிதர்கள் கற்றுக்கொள்கிறார்கள், இந்தக் கார் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை என்று.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 31 வருடம் பஸ் ஓட்டியவர். எனக்குப் பத்து வயது இருக்கும். நாங்குநேரிப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியிலிருந்து சைக்கிளில் ஒரு பையன் சட்டென்று குறுக்கே வந்துவிட்டான். பஸ் உரசி, கீழே விழுந்து, முழங்கையில் நாலு தையல். தவறு பையன்மேல் என்று ஊரே சொன்னது, வழக்கும் இல்லை. அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அந்தப் பையன் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் கழித்து, நான் காலேஜ் படிக்கும்போது, அவர் பஸ்ஸிலேயே வந்திருக்கிறேன். அந்த வேப்பமரம் தெரிந்ததும் கியரைக் குறைத்துவிடுவார். சாலையில் காக்கா குருவி இருக்காது, மதிய வெயில், பஸ்ஸில் பாதிப் பேர் தூக்கம். ஆனாலும் குறைப்பார். ஒரு தடவைகூட அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

மனிதர்கள் ஓட்டுவதால் அமெரிக்காவில் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 40,000 பேர் சாகிறார்களே, அது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். குடித்துவிட்டு ஓட்டுகிறார்கள், ஃபோனைப் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை. காயம் ஏற்படுத்தும் விபத்துகள் எங்கள் கார்களில் மிகவும் குறைவு என்று வேமோ வெளியிடும் கணக்கையும் படித்தேன். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கணக்கை ஓட்டுபவரே எழுதிக் கொடுக்கும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் க்ரூஸ் நிறுவனத்தின் ஆளில்லாத கார், வேறொரு கார் மோதியதில் தன் முன்னால் வந்து விழுந்த பெண்ணை மோதி, நின்று, பிறகு ஓரங்கட்டுகிறேன் என்று 20 அடி தூரம் இழுத்துக்கொண்டு போனது. இழுத்துக்கொண்டு போனதை அறிக்கையில் மறைத்தார்கள். பொய் அறிக்கை கொடுத்ததை 2024-இல் ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதத்துக்கு உடன்பட்டார்கள். அது வேறு நிறுவனம், எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதே என்பீர்கள். சரி, வைக்கவில்லை. இரண்டு வேளை நிறுத்தச் சொன்னதற்கு முடியாது என்றது இந்த நிறுவனம்தானே?

அப்புறம், "யாருக்கும் அடிபடவில்லை". இந்த வாக்கியத்தைப் படித்தாலே எனக்குக் கை நடுங்குகிறது. அடிபட்ட பிறகுதான் பேச வேண்டுமா? 2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பி நகரத்தில், ராத்திரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணை ஊபரின் தானே ஓடும் சோதனைக் கார் மோதிக் கொன்றது. விசாரணை அறிக்கையைப் படியுங்கள். மோதுவதற்கு 5.6 வினாடிக்கு முன்பே கார் அவரைக் கண்டுவிட்டது. வாகனம் என்றது, ஏதோ பொருள் என்றது, சைக்கிள் என்றது. நடந்து கடக்கும் மனுஷி என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. ஏனென்றால் பாதசாரிக் கோடு இல்லாத இடத்தில் ஆள் நடந்து கடப்பார் என்பதையே அதற்குள் யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாதவர்கள் யாராவது நீதிமன்றத்தில் நின்றார்களா? ஸ்டியரிங்குக்குப் பின்னால் கண்காணிப்புக்கு உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்த சம்பளக்காரப் பெண் மட்டும் நின்றார். நிறுவனத்தின் மேல் குற்ற வழக்கே இல்லை.

ஆகவே அடிபடவில்லை என்பதை எனக்கு ஆறுதலாகச் சொல்லாதீர்கள். இங்கே கார் கிளம்பியபோது சாலையில் இருந்த அந்தப் பிள்ளை ஓர் அடி பின்னால் நடந்திருந்தால் என்ன பேசிக்கொண்டிருப்போம்?

ஐடி கணவர் சம்பளத்தில் இருந்துகொண்டு தொழில்நுட்பத்தைத் திட்டுகிறாள் என்று எழுதியவருக்கு: என் சம்பளமும் ஐடிதான். 14 வருடமாக மென்பொருள் சோதனை செய்கிறேன். அதனால்தான் பேசுகிறேன். சரிசெய்துவிட்டோம் என்று சொல்லி அனுப்பியது அதே பிழையோடு திரும்பி வந்தால், என் அலுவலகத்தில் அந்த வசதியை முதலில் அணைப்போம். பிறகுதான் காரணம் தேடுவோம். அங்கே திரையில் ஒரு பட்டன் தவறாக வேலை செய்யும், அவ்வளவுதான். அதற்கே அணைக்கிறோம். இங்கே இரண்டு வேளை அணைக்கச் சொன்னால் புலம்பலா?

"ஊரில் பஸ் படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள்தானே நீங்கள்" என்றும் ஒருவர். ஆமாம், தொங்கினோம். கண்டக்டர் தோளைப் பிடித்து உள்ளே இழுப்பார், திட்டுவார். எங்கள் பள்ளி வாசலில் முதலில் அவர் இறங்கி, விசிலை ஊதி, கையை நீட்டி வண்டிகளை நிறுத்திவிட்டுத்தான் எங்களைக் கடக்க விடுவார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியும். ஏதாவது ஆனால் எந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்க வேண்டும் என்று என் அம்மாவுக்குத் தெரியும்.

இங்கேயும் பஸ் ஓட்டும் அம்மா அதைத்தான் செய்கிறார். டிசம்பர் காலை, ஆறே முக்கால், இன்னும் இருட்டு. பலகையை நீட்டிய பிறகும் உள்ளங்கையைக் கண்ணாடிக்கு நேராக உயர்த்தி, வராதே, நில் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார். இரண்டு பக்கமும் பார்ப்பார். எதிரே வரும் காரின் ஓட்டுநர் முகத்தைப் பார்ப்பார். பார்த்து, அவர் நிற்கிறார் என்று உறுதியான பிறகுதான் கையை அசைத்து வா என்பார். கார் நின்றாலும் உள்ளே முகம் இல்லாதபோது அவர் எதைப் பார்ப்பார்? போன வாரம் அவரிடமே கேட்டேன். இப்போது கொஞ்சம் கூடுதல் நேரம் காத்திருக்கிறேன் என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த 34 பேருக்கும் பள்ளி மாவட்டத்தின் கடிதத்தை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். படித்துவிட்டு இரண்டு வேளை பற்றி மட்டும் பதில் எழுதுங்கள், பேசலாம். மீதியை நான் படிக்கப் போவதில்லை.

நாளைக் காலையும் நான் பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். மகளுக்கு எட்டு வயது, தோழிகள் முன்னால் நான் கையைப் பிடிப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை, உதறுகிறாள். பஸ் படிவரை நான் விடுவதில்லை.