தேக்கு மட்டுமன்று, பியிங்காடோவும்

பர்மாவின் மலைக்காடுகளில் தண்டவாளங்களுக்கு அடியில் இடும் கட்டைகள் வெட்டப்பட்டதைப் பற்றி நாங்கள் படித்த கட்டுரை, தேக்கு மரத்தோடு நின்றுவிடுவது குறையாகவே படுகிறது. 1877இல் இரங்கூன்–புரோம் இரயில்பாதை திறக்கப்பட்ட இந்நாட்டில், கட்டைகளுக்குப் பெரிதும் பயன்பட்டது, தமிழ்நாட்டில் இருள் எனப்படும் பியிங்காடோ மரமே. (தேக்கின் விலை அறிந்தவர் அதை மண்ணில் புதைக்க மனம் ஒப்புவாரா?) தேக்கின் பட்டையை வளையமாக வெட்டி, நின்ற நிலையிலேயே சில ஆண்டுகள் உலரவிட்டால் அது ஆற்றில் மிதக்கும், கறையானுக்கு எளிதில் இடங்கொடாத பியிங்காடோவோ நீரில் மூழ்கிவிடுமாதலால், அதை மூங்கில்களோடு பிணைத்தே மிதக்கவிட வேண்டியிருந்தது. 1942–43இல் ஜப்பானியர் அமைத்த சயாம்–பர்மா பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு, அப்பாதையோரக் காடுகளில் மடிந்த தமிழர்களைப் பற்றியும் அக்கட்டுரை கூறும் எனப் பர்மாவில் வாழும் தமிழர்களாகிய நாங்கள் எதிர்பார்த்தோம்.