வருகிற கூட்டமும் வராத கூட்டமும்

2025 ஆகஸ்ட்டில் சிங்கப்பூரின் தி புரொஜெக்டர் திரையரங்கு மூடியது. செப்டம்பர் முதல் தேதி கேத்தே திரையரங்குகள் மொத்தமாக நின்றுபோயின. அப்போது என் முகநூல் பக்கம் முழுக்க ஒப்பாரிதான். நகரம் செத்துவிட்டது, எல்லாரும் நெட்ஃபிளிக்ஸ், ஷாப்பி இணையக் கடை, எல்லை தாண்டி ஜேபி (மலேசியாவின் ஜோகூர் பாரு) என்று போய்விட்டார்கள், வாடகை ஆளைக் கொல்கிறது. 2020இல் ராபின்சன்ஸ் பல்பொருள் கடை போனபோதும் இதே பாட்டைத்தான் கேட்டோம். 1858இல் தொடங்கிய கடை என்பதால் அன்றைக்குக் கண்ணீர் கொஞ்சம் கூடுதல். அழுதவர்களில் எத்தனை பேர் அதற்கு முந்தைய ஆண்டு அங்கே ஒரு கைக்குட்டையாவது வாங்கினார்கள் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள்.

சொல்கிற காரணங்களில் பொய் ஒன்றும் இல்லை. பொருள் சேவை வரி 2023இல் 8 விழுக்காடு, 2024இல் 9 விழுக்காடு என்று ஏறியது. சிங்கப்பூர் வெள்ளி கனமாக இருக்கிறது. சனிக்கிழமை காலை ஜேபிக்குப் போகும் வழியில் இருக்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடிப் பக்கம் போனால் மீதியைக் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இதெல்லாம் கூட்டம் ஏன் குறைந்தது என்ற கேள்விக்குப் பதில். என்னைக் குடைவது வேறு கேள்வி. நகரத்துக்குள்ளேயே கூட்டம் துளியும் குறையாத இடங்கள் இருக்கின்றன. அந்த இடங்களில் கட்டிய கடைத்தொகுதிகள் ஏன் தோற்கின்றன?

லிட்டில் இந்தியா வட்டாரத்தின் தேக்கா முனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் ரோடும் சுங்கை ரோடும் சேரும் இடம். 1915இல் கட்டிய பழைய மார்க்கெட் அங்கேதான் இருந்தது. 1982இல் அதை எதிர்ப்புறம் மாற்றினார்கள். ஆட்டுக்கறி, மீன், கீரை, பூ வாங்க வந்தவர்கள் எல்லாரும் அதோடு ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். 2003இல் பழைய முனையில் தேக்கா மால் எழும்பியது. சிராங்கூன் ரோட்டில் அதற்குமுன் அப்படியொரு நவீனக் கடைத்தொகுதி இருந்ததில்லை. குளிரூட்டி, மின்படி, பளபளவென்ற தரை எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை. சில ஆண்டுகளில் ‘தி வெர்ஜ்’ என்று பெயரை மாற்றிப் பார்த்தார்கள். நிலைமை மாறவில்லை. 2017இல் மூடி, இடித்து, 2020இல் தேக்கா பிளேஸைக் கட்டினார்கள். கடைகளோடு சேர்த்துத் தங்கும் அடுக்குகளும் வைத்தார்கள். பாவம், திறந்த நேரம் கொரோனா வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் பலவீனம் முழுவதையும் கிருமியின் தலையில் போடுவது நியாயமில்லை, என்றாலும் அந்த அடி பெரிய அடிதான்.

இத்தனை நடந்தபோதும் எதிர்ப்புறம், மார்க்கெட் மாறிப்போன தேக்கா சென்டரில் என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. பிரியாணிக்கு வரிசை நின்றது. மாடியில் தையல்காரர்கள் ரவிக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். நண்டு வாங்கச் சீனப் பாட்டிகள் வந்தார்கள். இருபது முப்பது மீட்டர் அகல ரோடு ஒன்றின் ஒரு கரையில் வியர்க்க வியர்க்கக் கூட்டம், மறுகரையில் குளிர்ந்த காற்றில் வெறும் தரை. இடம் சரியில்லை என்று சொல்ல முடியாது. எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. மக்களிடம் காசில்லை என்றும் சொல்ல முடியாது. கொஞ்ச தூரம் நடந்தால் முஸ்தஃபா பல்பொருள் கடையில் நகைக்கடை இருக்கும் தளத்தில் நிற்க இடம் கிடைக்காது.

நான் நினைப்பது இதுதான். பழைய முனையில் எழுந்த அந்தக் கட்டடம் லிட்டில் இந்தியாவுக்கு வருகிறவர்களுக்காகக் கட்டப்படவில்லை. இனிமேல் வரப்போகிறவர்கள் என்று யாரோ ஓர் ஆலோசகர் படம் போட்டுக் காட்டிய கூட்டத்துக்காகக் கட்டப்பட்டது. அலுவலகம் முடித்து வரும் இளைஞர், பயணப்பெட்டியோடு வரும் சுற்றுப்பயணி, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் இளம் தம்பதி. அவர்களுக்கு நகர மையத்துக்கு வெளியே, வீட்டுப் பக்கத்திலேயே தெம்பனிஸ் இருக்கிறது, ஜூரோங் இருக்கிறது. வீட்டுக் கீழேயே பஸ் ஏறினால் அதே பிராண்டு, அதே காப்பி, அதே குளிரூட்டி. இது தற்செயலாக நடந்ததும் இல்லை. அரசின் 1991ஆம் ஆண்டு நகரத் திட்டத்திலேயே நகர மையத்தின் நெரிசலைக் குறைக்க வட்டார மையங்கள் வேண்டும் என்று முடிவெடுத்துத் தெம்பனிஸில் தொடங்கினார்கள். நல்ல திட்டம், நன்றாகவே வேலை செய்தது. அது வேலை செய்ததால் நகரத்துக்குள் இருக்கும் கடைத்தொகுதி தெம்பனிஸைப் போலவே இருந்தால் யாருக்கும் தேவைப்படாது. தெம்பனிஸில் கிடைக்காதது ஏதாவது இருந்தால்தான் அங்கிருந்து ஒருவர் ரயிலேறி வருவார்.

வெர்ஜ் நாட்களில் அங்கே கூட்டம் இருந்த ஒரு கடை ஞாபகமிருக்கிறதா? செங் சியோங். வெளிநாட்டு ஊழியர்கள் அரிசி, எண்ணெய், கோழி, சோப்பு என்று மூட்டை மூட்டையாக வாங்கிப் போவார்கள். கட்டடத்தின் மற்ற கடைகளில் விற்பனையாளர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யார் வாடிக்கையாளர் என்று அந்தப் பேரங்காடிக்குத் தெரிந்திருந்தது. கட்டடத்துக்குத்தான் தெரியவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் கூடுகிற அளவுக்கு ஆட்களைப் பெரிய கடைவீதியான ஆர்ச்சர்ட் ரோட்டில் திரட்ட வேண்டுமென்றால் விளம்பரத்துக்கு எத்தனை லட்சம் வெள்ளி கொட்ட வேண்டும்? இங்கே சும்மா வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் வந்து நமக்கு வீடும் ரயில்பாதையும் கட்டுகிறவர்கள். வாரம் முழுக்க வெயிலில் நின்றவர்கள் ஒரு நாள் ஊர்க்காரனைப் பார்க்க, ஊருக்குப் பணம் அனுப்ப, நல்ல சாப்பாடு சாப்பிட வருகிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தைப் பற்றி நாம் பேசும் பேச்செல்லாம் ஒழுங்கைப் பற்றியதாகவே இருக்கிறது. 2013 டிசம்பர் 8 அன்று இங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு 2015இல் மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வார இறுதியில் இங்கே கடைகளில் பாட்டில் விற்பது மாலை 7 மணியோடு சரி. 2022இல் ஞாயிறுகளில் இந்தப் பக்கம் வர, தங்கும் விடுதிகளில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தனி அனுமதியே வேண்டியிருந்தது. சட்டம் தப்பு என்று நான் வாதாட வரவில்லை. இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக்கூடாது என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர்களைக் காவல்துறையின் வேலையாகப் பார்த்த அளவுக்கு வாடிக்கையாளராக யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் குறை. அவர்கள் உட்காருவது புல்தரையில், நடைபாதை ஓரத்தில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் கீழே. அங்கேயும் குடியிருப்பாளர்கள் புகார் செய்வார்கள். பக்கத்தில் குளிரூட்டிய கட்டடத்தில் பாதிக் கடைகளின் முன்னால் ‘விரைவில்’ என்று பலகை.

இது தமிழர்களுக்கு மட்டும் நடக்கிற கதையில்லை. லக்கி பிளாசா கடைத்தொகுதி 1978இல் வந்தது, இன்றைக்கு ஞாயிறு வந்தால் பிலிப்பீன்ஸ் பணிப்பெண்களால் நிரம்புகிறது. பணம் அனுப்பும் கடை, பெட்டி கட்டி அனுப்பும் கடை, ஊர்ச் சாப்பாடு. ஆர்ச்சர்ட் ரோட்டின் நடுவில் நிற்கும் அந்தப் பழைய கட்டடத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, ஆனால் அங்கே காலிக் கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பெனின்சுலா பிளாசா மியன்மார்க்காரர்களுடையது. கோல்டன் மைல் காம்பிளக்ஸ் தாய்லாந்துக்காரர்களுடையதாக இருந்தது. 2006இல் நாடாளுமன்றத்தில் ஒரு நியமன உறுப்பினர் அதைச் செங்குத்துச் சேரி என்றே சொன்னார். 2021இல் அதே கட்டடம் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுடைமை ஆனது. மறு ஆண்டு 70 கோடி வெள்ளிக்குக் கைமாறியது. 2023 மே மாதத்தோடு கடைக்காரர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். கட்டடம் பத்திரமாக இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருந்த முக்காத்தா (தாய்லாந்து வாட்டல் உணவு) அடுப்புகள்தான் போய்விட்டன.

கோல்டன் மைல் கைமாறும்வரை இந்த மூன்று கட்டடங்களிலும் ஒரு பொது அம்சம் இருந்தது. ஒவ்வொரு கடைக்கும் தனித்தனி உரிமையாளர். யாருக்கு வாடகைக்கு விடுவது என்று மேலே ஒரே ஓர் அலுவலகம் உட்கார்ந்து முடிவுசெய்யவில்லை. ஓர் உரிமையாளர் மாட்டேன் என்றால் அடுத்தவரிடம் போகலாம். அதனால்தான் சின்னக் கடை உள்ளே நுழைய முடிந்தது. இதை மட்டும் வைத்துத் தனி உரிமைதான் மருந்து என்று நான் சொன்னால் அதுவும் தப்பு. வீடு வாங்குவதற்குக் கட்டுப்பாடுகள் இறுகிய காலத்தில் முதலீட்டாளர்கள் பெட்டி அளவுக் கடைகளை வாங்கிப்போட்டார்கள். அப்படி வந்த புதுத் தொகுதிகளில் சிலவற்றில் பகல் நேரத்தில் போனால் பயமாக இருக்கும், அவ்வளவு காலி. அங்கேயும் வரப்போகிறவர்களை நம்பித்தான் கட்டினார்கள்.

பெரிய தொகுதிகளின் கணக்கு வேறு. பலவற்றுக்குச் சொந்தக்காரர் ரீட், அதாவது பலரின் முதலீட்டைச் சேர்த்துக் கட்டடங்களை வாங்கி வாடகைக்கு விடும் அறக்கட்டளை. இங்கே முதல் ரீட் 2002இல் பங்குச்சந்தைக்கு வந்தது. வரிச்சலுகை வேண்டுமானால் வருமானத்தில் 90 விழுக்காட்டையாவது பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும். (என்னிடமும் கொஞ்சம் இருக்கிறது. பங்காதாயம் வரும் மாதம் நான் வாடகையைத் திட்டுவதில்லை.) அப்படிப்பட்ட நிர்வாகத்துக்கு மாதாமாதம் நிலையாக வாடகை தரும் சங்கிலிக் கடைதான் பிடிக்கும். இனிப்புக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் நகரத் தொகுதி ஒன்றில் இடம் கேட்டுப் போனார். முன்பணம், புதுப்பிப்புச் செலவு, வெளியேறும்போது பழையபடி ஆக்கித் தரும் செலவு, போதாக்குறைக்கு ஒவ்வொரு நாள் விற்பனைக் கணக்கையும் காட்ட வேண்டும். அடிப்படை வாடகை ஒரு தொகை, விற்பனையில் ஒரு பங்கு இன்னொரு தொகை, இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும் என்றார்களாம். “அண்ணே, லட்டு நான் பிடிக்கணும், ருசி அவங்க பார்ப்பாங்க” என்றார். அவர் பிறகு குடியிருப்புப் பேட்டையில் கடை ஒன்றை எடுத்து நிம்மதியாக இருக்கிறார். இந்த ‘எது அதிகமோ’ கணக்கை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்து, 2024 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட கடை ஒப்பந்தங்களில் வாடகையை ஒரே முறையில்தான் கணக்கிட வேண்டும் என்பது அதன் பொதுவிதி. நல்லதுதான். ஆனால் எந்தக் கடையை உள்ளே விடுவது என்பதைச் சட்டம் சொல்லாது, சொல்லவும் முடியாது.

முஸ்தஃபா ஏன் தாக்குப்பிடிக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அங்கே கட்டடமும் கடையும் ஒரே கை. மூன்று மாதம் விற்காத சாமானைக்கூட அலமாரியில் வைத்திருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். 2003இலிருந்து 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள், அதை நிறுத்தியது கொரோனாதான்.

கேளிக்கை பற்றியும் சொல்லவேண்டும், கடையை விட அதில்தான் நிலைமை மோசம். செயின்ட் ஜேம்ஸ் பவர் ஸ்டேஷன் 2006இலிருந்து இரவு விடுதிகளின் கூடாரமாக இருந்தது, இன்று அது டைசன் தலைமையகம். இரவுக் கேளிக்கைக்குப் பேர்போன கிளார்க் கீயை 6 கோடியே 20 லட்சம் வெள்ளி செலவில் புதுப்பித்து, பகல் நேரத்திலும் ஆள் வரவேண்டும் என்று பேரங்காடியெல்லாம் கொண்டுவந்தார்கள். ஆற்றங்கரையில் ஆட்டம் போட்ட இடத்தில் முட்டை வாங்கலாம். புத்திசாலித்தனமான முடிவாகவே இருக்கலாம், எனக்குத்தான் ஒட்டவில்லை.

நூறு ஆண்டுக்கு முன் ஜாலான் புசாரில் இதையெல்லாம் வேறு மாதிரி செய்தார்கள். 1923இல் திறந்த நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் சீன இசை நாடகம், மலாய் பங்சாவான் நாடகம், குத்துச்சண்டை, நடனக்கூடம், சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் ஒரே வேலிக்குள். சில காசு கொடுத்து உள்ளே போனால் துறைமுகத் தொழிலாளியும் சுற்றலாம், துரையும் சுற்றலாம். எதையும் வாங்காமலே இரவு முழுக்க அலையலாம். அந்த இடத்தில்தான் 2009இல் சிட்டி ஸ்குவேர் மால் வந்தது. பழைய வாயிலை நினைவுக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் தொகுதி நன்றாகவே ஓடுகிறது, ஃபேரர் பார்க் ரயில் நிலையம் கீழேயே இருக்கிறது, குடும்பங்களும் முஸ்தஃபாவுக்கு வருகிறவர்களும் உள்ளே வருகிறார்கள். வருகிற கூட்டத்தைப் பார்த்துக் கதவைத் திறந்தது, அவ்வளவுதான்.

மெக்கென்சி ரோடு ரெக்ஸ் திரையரங்கும் அப்படித்தான் ஒருமுறை பிழைத்தது. 1946இல் திறந்து, 1983இல் படம் நிறுத்தி, 2009இல் தமிழ்ப் படங்களோடு மறுபடி திறந்தார்கள். ஒரு ரஜினி படத்துக்கு அங்கே வரிசையில் நின்றிருக்கிறேன். எனக்கு முன்னால் நின்றவர் காலணியில் சிமெண்டு காய்ந்திருந்தது, பின்னால் நின்றவர் வங்கி அடையாள அட்டையைக் கழற்ற மறந்திருந்தார். நகரத்துத் திரையரங்குக்காரர் யாராவது ஞாயிறு பிற்பகல் காட்சிக்கு 5 வெள்ளி என்று ஒரு மாதம் போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் சொல்லட்டும் படம் பார்க்க ஆளில்லை என்று.

திட்டப்படி 2026 இறுதியில் ஜேபிக்கு ரயில் ஓடவேண்டும். மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர், ஐந்து நிமிடப் பயணம். நகரக் கடைக்காரர்கள் இப்போதே நடுங்குகிறார்கள். மலிவு விலையில் ஜோகூரை நம்மால் ஜெயிக்க முடியாது, முயற்சி செய்வதும் வீண். அந்த ரயில் இங்கேயும் ஆட்களைக் கொண்டுவரும் என்று யாரும் பேசக் காணோம். தீபாவளி ஒளியூட்டைப் பார்க்க ஜோகூர்க் குடும்பம் ஒன்று குழந்தைகளோடு தேக்காவுக்கு வந்தால் அவர்களை எங்கே உட்காரவைப்போம்? தேக்கா பிளேஸ் நிர்வாகத்தில் யாராவது இதைப் படித்தால் ஒரு யோசனை: காலியாக இருக்கும் கடைகளில் சிலவற்றை ஞாயிறுகளில் மட்டும் நாள் வாடகைக்கு விடுங்கள். முடிதிருத்துபவர், கைபேசி பழுதுபார்ப்பவர், பணம் அனுப்புபவர், மூன்று வெள்ளிக்குப் பரோட்டா போடுபவர். நாற்காலிகளை நிறையப் போடுங்கள், வாங்காதவரையும் எழுப்பாதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கணக்கைப் பாருங்கள். நஷ்டம் வந்தால் என்னைத் திட்டிப் பின்னூட்டம் போடலாம், நீக்கமாட்டேன்.