கீட்டோவுக்குத் தனி அடுப்பு வேண்டாம்

மாவுச்சத்தை ஒதுக்கிக் கொழுப்பைக் கூட்டுகிற கீட்டோ டயட்டை ஆரம்பிக்கிறவர்கள் முதலில் செய்கிற வேலை, போனை எடுத்துப் பாதாம் மாவு ஆர்டர் போடுவது. கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். அப்புறம் சியா விதை, சீனிக்குப் பதிலாகப் போடுகிற எரித்ரிட்டால், அவகாடோ. பார்சல் வந்த மறுநாளே அந்த வீட்டில் இரண்டு சமையல் தொடங்கிவிடும். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் இட்லி, கீட்டோக்காரருக்கு மட்டும் பாதாம் மாவுத் தோசை. அது கல்லில் ஒட்டும், திருப்பினால் பிய்யும். ஏழரை மணிக்குப் பள்ளிக்கூட வேன் வாசலில் ஹாரன் அடிக்கும்போது இரண்டையும் சுட்டுக்கொண்டு நிற்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கட்சி இதுதான். வீட்டுக்கெல்லாம் வைத்த சட்டியிலிருந்தே எடுத்து வைக்க முடிகிற சாப்பாடாக இருந்தால்தான் கீட்டோ ஒரு வீட்டில் நிற்கும். தனி மாவு, தனிக் கல், தனி அடுப்பு என்று போனால் சமைக்கிறவளுக்கு அலுத்துப்போகும், சாப்பிடுகிறவருக்குக் குற்ற உணர்ச்சி வரும், மாதக் கடைசியில் பாதாம் மாவு டப்பா பரணுக்குப் போகும். அதுவும் கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம், பாம்பன், அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி என்று ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலை ஒட்டியே குடியிருக்கிற நமக்கு இந்தப் பார்சல் எதற்கு?

கணக்கு பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. கீட்டோவில் ஒரு நாளைக்கு மாவுச்சத்து 20 முதல் 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். அப்போதுதான் ஈரல், கொழுப்பை உடைத்துக் கீட்டோன் தயாரிக்கும், உடம்பு அதை எரித்து ஓடும். இட்லி ஒன்றில் மட்டும் அளவைப் பொறுத்துச் சுமார் 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. நாலு இட்லி, கொஞ்சம் சாம்பார் என்றால் அன்றைய கணக்கு காலை எட்டு மணிக்கே முடிந்தது. மீனில் மாவுச்சத்து இல்லை. ஒரு முட்டையில் அது ஒரு கிராம்கூட இல்லை. புரதம் 6 கிராம், கொழுப்பு 5 கிராம். முற்றிய தேங்காய் 100 கிராம் எடுத்தால் கொழுப்பு 33 கிராம், நார்ச்சத்தைக் கழித்தால் மாவுச்சத்து 6 கிராம்தான். மீன், முட்டை, தேங்காய். இது மூன்றும் இல்லாத நாள் நம் வீட்டில் எது?

தடை சாமானில் இல்லை, மனசில்தான் இருக்கிறது. காலையில் பலகாரம் என்றால் அது மாவில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம். எங்கள் ஊரில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் இங்கே பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் வந்து இருப்பார். காலையில் அவர் தட்டில் என்ன விழுகிறது என்பது குடும்பத்தின் மரியாதை. என் வீட்டுக்காரர் இட்லி இடியப்பத்தை நிறுத்திய புதிதில் உம்மா என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டது: "ஏம்புள்ள, மாப்பிள்ளைக்கு வெறும் மீன வச்சிக் குடுத்தா வெளிய போயி என்ன சொல்லுவாரு? நம்ம வீட்ல மாவுக்கு வக்கில்லன்னு நினைக்க மாட்டாங்க?"

உம்மாவுக்கு நான் சொன்ன பதில் எளிது. காலையில் பழைய சோறும் முந்தின நாள் மீன் ஆணமும் (குழம்பும்) தின்றுவிட்டுத்தானே கடலுக்குப் போனார்கள் இந்தக் கரையில்? காலையில் மீன் புதிசு இல்லை. சோற்றை எடுத்துவிட்டு மீனைக் கூட்டினால் அது கீட்டோ. அவ்வளவுதான்.

அவசரக் காலைக்கு இதைவிடச் சுலபம் கிடையாது. ராத்திரி ஆணம் வைக்கும்போதே இரண்டு துண்டு அதிகமாகப் போட்டு எடுத்து வைத்தால் காலையில் சுட வைப்பது மட்டுந்தான் வேலை. மீன் ஆணம் மறுநாள்தான் ருசி என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? புளி சேர்க்கிறோமே என்று சிலர் பயப்படுகிறார்கள். எலுமிச்சை அளவு புளியில் இருக்கும் மாவுச்சத்து ஒரு சட்டி முழுக்கப் பரவி ஆறு பேருக்குப் பிரிகிறது. பயப்பட வேண்டியது புளிக்கு அல்ல, ஆணம் கெட்டியாக வேண்டும் என்று சிலர் கரைத்து ஊற்றும் அரிசி மாவுக்கு.

மீன் எதுவாக இருந்தாலும் சரி என்று சொல்ல மாட்டேன். விளைமீன், பாறை எல்லாம் சதை மீன், கொழுப்பு குறைவு. கீட்டோவில் வயிறு நிற்க வேண்டுமென்றால் தேங்காய்ப்பால் ஆணமாக வைக்க வேண்டும். சாளை, கானாங்கெளுத்தி இரண்டும் எண்ணெய் மீன், விலையும் குறைவு, அதற்குப் புளி ஆணமே போதும். டயட் என்று வந்தவுடன் விலை உயர்ந்த மீனைத் தேடுவது நம் ஆட்களின் பழக்கம். தேவையே இல்லை.

அடுத்தது முட்டை. இதை நான் கொஞ்சம் பெருமையாகவே சொல்வேன். இட்லிப் பானை எப்படியும் அடுப்பில் ஏறத்தானே போகிறது? ஓட்டை இல்லாத ஒரு தட்டை எடுத்துக் குழிகளில் தேங்காய் எண்ணெய் தடவி, முட்டையை உடைத்து ஊற்றி, மேலே மிளகுத்தூள், உப்பு, கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை. இதை அடித்தட்டாக வைத்துவிட்டு மேல் தட்டுகளில் வழக்கம் போல இட்லி மாவு ஊற்றலாம். இட்லி வேகிற நேரத்தில் முட்டையும் வெந்துவிடும். ஒரே பானை, ஒரே ஆவி. தட்டில் வைக்கும்போது அவருக்கும் குழிக்குழியாக ஏதோ வெள்ளையாக இருக்கிறது, தேங்காய்ச் சட்னி எல்லோருக்கும் பொது. உம்மாவின் மரியாதைப் பிரச்சினையும் அன்றோடு பாதி தீர்ந்தது. சட்னியில் பொட்டுக்கடலையை மட்டும் நிறுத்திவிட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. காரத்துக்கு நம் குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, நாம்தான் இன்னும் பாக்கெட் மிளகாய்த்தூளுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முருங்கைக்கீரையை உருவுவது மட்டும் ராத்திரி டிவி முன்னால் நடந்தால், காலையில் கீரையும் முட்டையும் தேங்காய்ப் பூவும் சேர்த்து ஐந்து நிமிடத்தில் ஒரு பொரியல். உருவுகிற வேலையைக் கீட்டோக்காரரே செய்யட்டும் என்பது என் வீட்டுச் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை வேறு. அன்றைக்கு நேரம் இருக்கிறது, மீன்காரம்மாவோடு பேரம் பேசவும் மனசு இருக்கிறது. எனக்குப் பிடித்தது சூரை (டூனா) மீன் புட்டு. சுறாவில்தான் புட்டு என்பார்கள், எங்கள் வீட்டிலும் பால் சுறாவில்தான் செய்துகொண்டிருந்தோம். ஆனால் கடலில் சுறா குறைந்துகொண்டே வருகிறது. வாராவாரம் தின்பதற்கு அது வேண்டாம் என்று சூரைக்கு மாறினோம். சூரையைப் பெரிய துண்டாக மஞ்சள், உப்புப் போட்டு அவித்து, தோலை உரித்து, நடுவில் ஓடும் கறுத்த சதையைக் கீறி எடுத்துவிட வேண்டும். அது கசக்கும், வீட்டுப் பூனைக்கு அதுதான் பெருநாள். மீதியைக் கையால் உதிர்த்துத் தண்ணீரைப் பிழிந்து வைத்துக்கொண்டு, நல்லெண்ணெயில் சோம்பு, பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், கொஞ்சமாகச் சின்ன வெங்காயம். வெங்காயத்தைப் பாதியாகக் குறைத்து அந்தப் பாதிக்குத் தேங்காய்ப் பூ. மீனைக் கொட்டியதும் அடுப்பைக் குறைத்துவிட்டுப் பொறுமையாகக் கிளற வேண்டும். முதலில் சட்டியில் புஸ்ஸென்று ஆவி வரும், ஈரம் வற்ற வற்றச் சத்தம் மாறி, உதிரி உதிரியாகச் சட்டியில் உருளத் தொடங்கும். அதுவரைக்கும் இறக்கக் கூடாது. பிள்ளைகள் இதையே இடியப்பத்தோடு பிசைந்து தின்பார்கள். அவர் கரண்டியால் அப்படியே.

கணவாய் கிடைத்தால் இன்னும் கொண்டாட்டம். தலையைப் பிடித்து இழுத்தால் குடலும் மைப்பையும் கூடவே வந்துவிடும். உள்ளே பிளாஸ்டிக் மாதிரி ஓர் ஓடு, அதையும் உருவிவிட்டு மேல்தோலை உரித்தால் வெள்ளை வெளேரென்று சதை. இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். இல்லையென்றால் அரை மணி நேரம் மெதுவாக வேக விட வேண்டும். நடுவில் நிறுத்தினால் ரப்பர்தான். இங்கே எங்கள் வீட்டில் நண்டு சமைப்பதில்லை. பாம்பனில் இருக்கும் தோழி ஞாயிற்றுக்கிழமை நண்டு ரசத்தைத்தான் காலைச் சாப்பாடாகவே குடிக்கிறாள், அதுவும் இந்தக் கணக்கில் சரியாகவே வரும்.

ஆட்டுக்கால் பாயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இடியப்பம் இல்லாத பாயா என்ன பாயா என்று கேட்பவர்களிடம் வாதாட எனக்குத் தெம்பு கிடையாது. கிண்ணத்தில் ஊற்றிக் குடித்துப் பாருங்கள்.

இனிப்புக்கு ஏங்குகிறவர்களுக்குக் கடல்பாசி, அதாவது அகர் அகர். நோன்பு திறக்க எல்லா வீட்டிலும் செய்கிறோமே, அதேதான். பாசியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்க விட்டுக் கரைத்து, சீனி போடாமல் கெட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. தட்டில் ஊற்றி வைத்தால் ஃபிரிட்ஜ்கூட வேண்டாம், ஆறினாலே உறைந்துவிடும். பாசியில் இருப்பது முக்கால்வாசி செரிக்காத நார். இந்தக் கடலில் பெண்கள் மூச்சுப் பிடித்து முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் இந்த அகர் அகரை எடுக்கிறார்கள். நாமோ கீட்டோ ஜெல்லி என்று டப்பாவில் வாங்குகிறோம்! முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்து அவிக்கிற வட்டலப்பத்தைச் சீனி இல்லாமல் செய்து பார்க்க மட்டும் யாரும் கிளம்ப வேண்டாம். வட்டலப்பத்தை வட்டலப்பமாகவே விட்டுவிடுங்கள், பெருநாளைக்குத் தின்றுகொள்ளலாம்.

நம் ஊரில் கீட்டோ கவிழ்கிற இடம் கருப்பட்டி. "சீனி இல்ல, கருப்பட்டிதான" என்று போடுகிறார்கள். சாயல்குடிப் பனையிலிருந்து வந்தாலும் கருப்பட்டி சர்க்கரைதான். கீட்டோவுக்கு இரண்டும் ஒன்று. பதநீரும் பனங்கிழங்கும் அப்படியே. கடையில் பொரித்த மீன் இன்னொன்று: மேலே மொறுமொறுவென்று இருப்பது சோள மாவு. பால் டீயும் கணக்கில் சேரும்; 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் சர்க்கரைச் சத்து. ஒரு நாளைக்கு நாலு டீ குடிக்கிறவர் இட்லியைக் குறை சொல்லிப் பயனில்லை.

இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் கறாராகப் பேசிவிடுகிறேன். கீட்டோ மெலிவதற்காகப் பிறந்தது அல்ல. 1921-ல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் ரஸ்ஸல் வைல்டர் வலிப்பு நோய்க்காக முன்வைத்த சிகிச்சை. மருந்து மாதிரி என்றால் மருந்துக்குரிய எச்சரிக்கையும் வேண்டும். சுகருக்கு இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று இட்லியை நிறுத்தினால் சர்க்கரை தடாலென்று இறங்கி மயக்கம் வரும். டப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சுகர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே. மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கிட்னிக் கோளாறு உள்ளவர்கள், பிள்ளைத்தாய்ச்சி, பால் கொடுக்கிறவர்கள் இந்தப் பதிவைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். வாட்ஸப்பில் வந்தது, மச்சான் துபாயில் செய்தார் என்பதெல்லாம் காரணம் ஆகாது.

முதல் வாரம் தலைவலி, அசதி வரும். உடம்பு தண்ணீரையும் உப்பையும் வெளியேற்றுவதால் வருவது. ரத்தக்கொதிப்பு இல்லாதவர்கள் மீன் ரசம் உப்புப் போட்டுக் குடித்தால் சரியாகும். கொதிப்பு உள்ளவர்கள் இதையும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். 61 நாள் விசைப்படகுதான் நிற்கும், வல்லமும் நாட்டுப்படகும் போகும். மீன் குறையும், விலை ஏறும், உண்மைதான். அந்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இட்லித்தட்டு முட்டைதான் அதிகம் ஓடும். நடுநடுவே நெத்திலிக் கருவாட்டை வெந்நீரில் இரண்டு தடவை அலசி உப்பை இறக்கிவிட்டு, கத்தரிக்காய் போடாமல் தேங்காயும் குண்டு மிளகாயும் வைத்து வதக்குகிறேன். பிள்ளைகள் அதையும் இட்லிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள்.